ஐஏஎஸ் என் லட்சியமா, அப்பாவின் லட்சியமா?

கேள்வியின் சுருக்கம் இது: “சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமம். சிவில் இன்ஜினியரிங் முடித்தேன், வயது 27, பி.சி. வகுப்பு. மூன்று வருடமாக டெல்லி பழைய ராஜிந்தர் நகரில் ரூம் எடுத்து யூபிஎஸ்சிக்குப் படிக்கிறேன். இரண்டு முறை முதல்நிலைத் தேர்வான பிரிலிம்ஸிலேயே போய்விட்டது, ஒரு முறை முதன்மைத் தேர்வான மெயின்ஸ் வரை வந்தேன். அப்பா மாதாமாதம் பணம் அனுப்புகிறார். ஐஏஎஸ் ஆவது என் ஆசையா, அப்பாவின் ஆசையா என்று இப்போது குழப்பமாக இருக்கிறது. எனக்கு உண்மையில் எதில் ஈடுபாடு, அதற்கேற்ற லட்சியம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?” நடுவில் ஒரு வரி: “தூக்கம் வராவிட்டால் கூகுள் எர்த்தில் எங்கள் ஊர்க் கண்மாயின் (ஏரியின்) வரத்துக்கால், அதாவது தண்ணீர் வரும் வாய்க்கால், எங்கே அடைபட்டுக் கிடக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பேன், சும்மா டைம்பாஸ்.”

தம்பி, நான் மத்திய அரசின் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டெல்லி ஆர்.கே.புரத்தில் குடியிருக்கிறேன். மெயின்ஸ் தாண்டிய பிள்ளைகளுக்கு மாதிரி நேர்காணல் வைக்கும்போது என்னையும் கூப்பிடுவார்கள். அதனால் உங்கள் தெருவும் அங்கே படிக்கிற பிள்ளைகளும் எனக்கு ஓரளவு பழக்கம். ஈடுபாடு, மனசு என்றெல்லாம் பேசுவதற்கு முன்னால் ஐஏஎஸ் என்கிற வேலையைக் கொஞ்சம் பேசிவிடலாம். ஏனென்றால் இவ்வளவு எழுதியும் அந்த வேலையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஐஏஎஸ் ‘ஆவது’ இருக்கிறது. ஆன பிறகு காலையில் போய் என்ன செய்வீர்கள் என்பது இல்லை.

தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்துக் கலெக்டர் அலுவலகத்துக்கும் ஒரு திங்கட்கிழமை போய்ப் பாருங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா மாறவில்லை, முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது, பொதுப் பாதையைப் பக்கத்து வீட்டுக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். ஒரு பாட்டி ஏற்கெனவே கொடுத்த மனுக்களின் ரசீதுகளையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்திருப்பார். கலெக்டர் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, தாசில்தாருக்கோ வட்டார வளர்ச்சி அலுவலருக்கோ குறிப்பு எழுதி அனுப்புவார். அடுத்த ஆள். மதியம் வரை இதுதான். மற்ற நாட்களில் ஆய்வுக் கூட்டம், நில எடுப்புக் கோப்பு, அமைச்சர் வருகை, தேர்தல் வந்தால் தேர்தல். சிவப்பு விளக்கைக்கூட 2017 மே மாதமே காரிலிருந்து கழற்றியாகிவிட்டது.

இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இதையே ஆசையாகச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டியின் பையை வாங்கி, ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கி, எந்த மேஜையில் மனு நின்றது என்று கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு ஒரு வெறியே உண்டு. அப்படிப்பட்டவருக்கு ஐஏஎஸ் பொருத்தமான லட்சியம். ‘கலெக்டர் வீடு’ என்று ஊர் சொல்ல வேண்டும் என்பதற்காக வந்தவருக்கு அந்தத் திங்கட்கிழமை ஒரு தண்டனை, அதுவும் வாராவாரம்.

இன்னொன்று. நீங்கள் எழுதுவது ஐஏஎஸ் தேர்வே கிடையாது, சிவில் சர்வீசஸ் தேர்வு. அதிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட பணிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள்: காவல், வெளியுறவு, வருமான வரி, சுங்கம், தணிக்கை, அஞ்சல், ரயில்வே, தகவல் ஒலிபரப்பு என்று நீளும். 2023ஆம் ஆண்டுத் தேர்வில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1016 பேர். ஐஏஎஸ் இடங்கள் 180. ஆக, ஜெயித்தவர்களிலேயே ஆறில் ஐந்து பேர் வேறு வேலைக்குத்தான் போகிறார்கள். “ஐஏஎஸ் கிடைக்காமல் அஞ்சல் துறை கிடைத்தால்?” என்று மாதிரி நேர்காணலில் கேட்டால் பலருக்கு முகம் விழுந்துவிடும். அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்வேன், இவருக்கு நிர்வாகத்தில் ஈடுபாடா, அந்த மூன்று எழுத்தில் ஈடுபாடா என்று. என் துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாலத்தின் மதிப்பீட்டையும், செய்த வேலையை அளந்து எழுதிய அளவுப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே மண்வேலைக்கு எங்கே இரண்டு முறை பில் போட்டிருக்கிறார்கள் என்று தேடுகிற வேலை. என் வீட்டில் யாருக்கும் அது புரியாது, எனக்கு அதில் சாயங்காலம் ஆனதே தெரியாது.

அந்த மாதிரி நேர்காணல்களில் பார்த்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மெயின்ஸுக்கு நிரப்புகிற விரிவான விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு எழுத ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, அதை நிரப்பத்தான் பிள்ளைகள் அதிகம் திணறுகிறார்கள். இந்தியப் பொருளாதாரத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுகிற பையன், “சார், ஹாபி என்ன போடலாம்?” என்று என்னிடம் கேட்பான். யோகா போட்டால் எதிர்க்கேள்வி வருமா, சமையல் போட்டால் சிரிப்பார்களா, தோட்டக்கலை பாதுகாப்பா? பிறகு அந்தப் பொழுதுபோக்குக்கு நோட்ஸ் எடுத்துப் படிப்பான்! சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் விஷயம் அதுவே. நாலு வருடம் எல்லா நேரத்தையும் ஒரே தேர்வுக்குக் கொடுத்தவனிடம் தனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் போவது இயல்பு. உங்களுக்கு ஈடுபாடே இல்லை என்று இதற்கு அர்த்தம் எடுக்காதீர்கள். அதற்கு மூச்சு விட இடம் கிடைத்து ரொம்ப நாளாகிறது, அவ்வளவுதான்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஆசை எங்கிருந்து வந்தது என்று தோண்டிக்கொண்டே போனால் முடிவே இருக்காது. எல்லா ஆசையும் யாரிடமிருந்தாவது வந்ததுதான். அப்பா தொடங்கிவைத்ததாலேயே அது உங்களுடையது இல்லை என்று ஆகிவிடாது. இப்போது அது உங்களுக்குள் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். கென்னன் ஷெல்டன், ஆண்ட்ரூ எலியட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உதவும். ஒருவர் தன் இலக்கைத் துரத்துவதற்கு நான்கு வகையான காரணங்கள் இருக்கலாம் என்று பிரித்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து வருகிற வற்புறுத்தல் அல்லது ஆதாயம். செய்யாவிட்டால் வருகிற வெட்கம், குற்ற உணர்ச்சி. இது முக்கியம் என்று தானே நம்புவது. செய்யும்போதே அதில் கிடைக்கிற ருசி. பின்னிரண்டு காரணங்களுக்காக இலக்கைப் பிடித்தவர்கள் விடாமல் முயற்சி செய்தார்கள், அதிகம் எட்டினார்கள், எட்டியபோது அதிக நிறைவும் அடைந்தார்கள். முன்னிரண்டில் நிற்பவர்களுக்குத் தொடக்க வேகம் இருக்கும், போகப் போக முயற்சி தளரும். எட்டினாலும் பெரிதாக ஒன்றும் தோன்றாது.

உங்கள் நிலையில் நான் இதை இப்படிப் பரிசோதிப்பேன். நாளைக்கே அப்பா போன் செய்து, “தம்பி, போதும்ப்பா, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, உனக்குப் பிடித்ததைச் செய்” என்று மனதாரச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலும் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அப்போது முதலில் வருவது நிம்மதியா, “இல்லைப்பா, இன்னொரு தடவை எழுதுகிறேன்” என்கிற வார்த்தையா? நிம்மதி வந்தால், உங்களைப் புத்தகத்தின் முன்னால் உட்கார வைத்திருப்பது குற்ற உணர்ச்சி என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டு மெயின்ஸில் கட்டுரைத் தாள், நான்கு பொதுத் தாள், இரண்டு விருப்பத் தாள் என்று ஏழு தாள், 1750 மதிப்பெண்ணுக்கு எழுதி முடிப்பது ரொம்பக் கஷ்டம்.

அப்பாவிடமும் ஒன்று கேட்க வேண்டும். “நான் ஏன் ஐஏஎஸ் ஆக வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?” என்று நேராக, சண்டை இல்லாமல் கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்ட பல பிள்ளைகளுக்கு வந்த பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான்: தாலுகா ஆபீஸில் ஒரு கையெழுத்துக்காக நாள் முழுக்கக் கைகட்டி நின்றிருக்கிறேன், என் பிள்ளை அப்படி நிற்கக் கூடாது. அந்த ஆசை நியாயமானது. ஆனால் அதற்கு ஐஏஎஸ் ஒன்றுதான் வழி என்று கிடையாது. குரூப் 1 எழுதித் துணை ஆட்சியர் ஆனாலும் நிற்க வேண்டியதில்லை, நல்ல இன்ஜினியராக இருந்தாலும் நிற்க வேண்டியதில்லை. அப்பாவின் ஆசைக்கு உள்ளே இருக்கிற ஆசையைத் தெரிந்துகொண்டால் பேச்சுவார்த்தைக்கு நிறைய இடம் கிடைக்கும்.

இனி அந்தக் கண்மாய் வரி. ஐஏஎஸ் பற்றி நீங்கள் எழுதியதில் எல்லாமே பொதுச் சொற்கள்: சேவை, சமூகம், மாற்றம், மரியாதை. இந்த ஒரு வரியில் மட்டும் ஓர் இடம் இருக்கிறது, ஒரு பொருள் இருக்கிறது, ஒரு கோளாறு இருக்கிறது. யாரும் கேட்காமல், மதிப்பெண் இல்லாமல், ராத்திரி ஒரு மணிக்கு வரத்துக்கால் அடைப்பைத் தேடுகிறவனுக்கு அது டைம்பாஸ் இல்லை தம்பி. டைம்பாஸுக்கு உங்கள் போனில் வேறு ஆயிரம் இருக்கிறது.

அதற்காக உடனே “என் ஈடுபாட்டைக் கண்டுபிடித்துவிட்டேன், நாளைக்கே பெட்டியைக் கட்டுகிறேன்” என்று கிளம்பிவிடவும் வேண்டாம். ஈடுபாடு எங்கோ முழுசாக உட்கார்ந்திருக்கும், தேடிப் பிடித்துவிட்டால் பிறகு எல்லாம் தானாக ஓடும் என்பது ஆபத்தான நம்பிக்கை. பால் ஓ’கீஃப், கேரல் டுவெக், கிரிகரி வால்டன் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்திருக்கிறார்கள். மாணவர்களுக்குக் கருந்துளையைப் பற்றி ஒரு சுவாரசியமான வீடியோவைக் காட்டினார்கள், எல்லோருக்கும் ஆர்வம் வந்தது. அடுத்து அதே விஷயத்தைப் பற்றிக் கடினமான அறிவியல் கட்டுரை ஒன்றைக் கொடுத்தார்கள். ஈடுபாடு பிறவியிலேயே அமைந்தது என்று நம்பியவர்களின் ஆர்வம்தான் அதிகம் சரிந்தது. வளர்த்தெடுப்பதுதான் ஈடுபாடு என்று நம்பியவர்கள் அவ்வளவாகச் சோர்ந்துபோகவில்லை. கூகுள் எர்த்தில் பார்ப்பது அந்த வீடியோ. ஆயக்கட்டு (கண்மாயால் பாசனம் பெறும் நிலப்பரப்பு) கணக்கு, நீரியல், நில அளவை, பஞ்சாயத்துச் சண்டை எல்லாம் அந்தக் கட்டுரை. அதையும் கொஞ்சம் கடித்துப் பார்த்த பிறகுதான் பேச வேண்டும்.

எப்படிக் கடித்துப் பார்ப்பது? உங்கள் கண்மாய் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். அப்புறம் இணையத்தில் இருக்கும் ‘அ’ பதிவேடு என்கிற நிலப் பதிவேட்டையும், நில அளவை வரைபடமான புலப்படத்தையும் எடுத்து, வரத்துக்கால் எந்தெந்த சர்வே எண் வழியாக வருகிறது என்று குறியுங்கள். சாட்டிலைட் படத்தில் அடைப்பு மாதிரி தெரிவது சீமைக்கருவேலமா, மண்மேடா, யாராவது உழுது சேர்த்துக்கொண்ட இடமா என்பது நேரில் நடந்தால்தான் தெரியும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். டேராடூனில் இஸ்ரோவின் கீழ் இருக்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணைய வழியில் இலவச வகுப்புகள் நடத்துகிறது, படித்துக்கொண்டே அதையும் பார்க்கலாம். மதுரையில் தானம் அறக்கட்டளை 1990களிலிருந்தே கண்மாய்ப் புனரமைப்பில் இருக்கிறது. அங்கே களத்தில் இருப்பவர் ஒருவருடன் ஒரு நாள் சுற்றினால், பத்து ஊக்க வீடியோக்கள் சொல்லாததைத் தெரிந்துகொள்வீர்கள்.

இதையெல்லாம் செய்யும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. சலிப்பான பகுதியை எப்படித் தாங்குகிறீர்கள்? எந்த வேலையிலும் முக்கால்வாசி சலிப்புதான். தமக்கு ஒத்துவந்த வேலையின் சலிப்பைப் பற்றி ஆட்கள் புலம்புவார்கள், ஆனால் மறுநாள் திரும்பப் போவார்கள். ஒத்துவராத வேலையில் சுவாரசியமான பகுதிகூடச் சுமையாக இருக்கும். மூன்றாவது தடவையும் பதிவேட்டில் எண் பொருந்தவில்லை என்றால் எரிச்சலோடு நாலாவது தடவை பார்க்கிறீர்களா, மூடி வைத்துவிட்டு மறந்துபோகிறீர்களா?

கண்மாய்தான் என்று ஆனால் வழிகள் நிறைய. எங்கள் ஆர்.கே.புரத்திலேயே சேவா பவனில் மத்திய நீர் ஆணையம் இருக்கிறது. அதற்கான பொறியாளர்களை எடுப்பது அதே யூபிஎஸ்சி, இன்ஜினியரிங் சர்வீசஸ் தேர்வு வழியாக. வயது வரம்பு 30, மத்திய அரசுத் தேர்வில் உங்கள் வகுப்பான ஓபிசிக்கு 33, ஆக உங்களுக்கு நேரம் இருக்கிறது. கையில் சிவில் டிகிரி இருந்தும் ராஜிந்தர் நகரில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, அந்தத் தெருவில் அதற்கு மவுசு இல்லை. டிஎன்பிஎஸ்சி உதவிப் பொறியாளர் தேர்வு எழுதி நீர்வளத் துறைக்குப் போகலாம். மேலே படிக்க வேண்டும் என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தில் நீர்வள மையம் இருக்கிறது. கலெக்டரானால் கண்மாயைத் தூர்வார ஆணை போடலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் எந்த மாநிலம் ஒதுக்கப்படும் என்பது உங்கள் கையில் இல்லை. தமிழ்நாடே கிடைத்தாலும் ஒரு மாவட்டத்தில் இரண்டு, மூன்று வருடம் இருந்தாலே அதிகம்.

ஈடுபாட்டை வயிற்றுப்பாட்டோடு முடிச்சுப் போட்டே ஆக வேண்டும் என்றும் இல்லை. டெல்லித் தமிழர்களின் கதையே அதுதான். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறி வந்து, செக்ரடேரியட்டில் குமாஸ்தாவாகி, கரோல் பாக்கில் குடித்தனம் நடத்திய தலைமுறைக்கு ஆபீஸ் வேலை லட்சியமாக இருந்ததா என்ன? சாயங்காலம் நாடக ஒத்திகை, கச்சேரி ஏற்பாடு, தமிழ்ச் சங்கம். அந்தச் சங்கம் 1946இல் தொடங்கியது. தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளும் அப்படி ஆபீஸ் முடிந்த பிறகு உழைத்தவர்களால் வளர்ந்தவைதான். தி. ஜானகிராமன் அகில இந்திய வானொலியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார், இந்திரா பார்த்தசாரதி டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே எழுதினார். ஆகவே ‘நல்ல வேலை ஒன்று, மனசுக்குக் கண்மாய் ஒன்று’ என்பதும் முழு மரியாதையுள்ள திட்டமே. ஒரு நிபந்தனை உண்டு: அந்த வேலை சாயங்காலத்தை விட்டுவைக்கிற வேலையாக இருக்க வேண்டும். ஐஏஎஸ் விட்டுவைக்காது.

இனி காலக்கெடு. ஓபிசிக்கு 35 வயது வரை, 9 முறை எழுதலாம் என்று விதி. மூன்று போக இன்னும் ஆறு இருக்கிறது, எட்டு வருடம் இருக்கிறது. உங்கள் தெருவில் பலரைக் கட்டிப்போட்டிருப்பது இந்தத் தாராளம்தான். விதி அனுமதிக்கிறது என்பதற்காக எழுதிக்கொண்டே போகிறார்கள். ‘இவ்வளவு வருடம் போட்டாயிற்றே’ என்பதும் சேர்ந்துகொள்ளும். போன மூன்று வருடம் எந்த முடிவு எடுத்தாலும் திரும்பி வரப்போவதில்லை, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இனி வரப்போகிற வருடத்தை இதற்குக் கொடுப்பதா என்று மட்டும் கேளுங்கள். மெயின்ஸ் வரை வந்த ஆள் நீங்கள், அடுத்த முறை தேறவும் வாய்ப்பிருக்கிறது. எழுதுவதானால் இன்னும் ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை என்று இப்போதே எழுதி வைத்து, அந்தத் தேதியை அப்பாவிடமும் ரூம் நண்பரிடமும் சொல்லிவிடுங்கள். மனசுக்குள் மட்டும் வைத்துக்கொண்ட கெடு ரிசல்ட் வந்த மறுநாளே நகர்ந்துவிடும்.

கண்மாய் வேலையைக் கடித்துப் பார்க்கிற அந்தச் சோதனைக்கு நாள் பார்த்தால், தாலுகாவில் கிராம வருவாய்க் கணக்குகளைச் சரிபார்க்கிற ஜமாபந்தி சரிப்படாது. அது பெரும்பாலும் மே, ஜூனில் வரும், உங்கள் பிரிலிம்ஸும் அப்போதுதான். அக்டோபர் 2 கிராம சபை வசதி, மெயின்ஸ் முடிந்திருக்கும். அன்று உங்கள் ஊரில் எழுந்து நின்று வரத்துக்கால் அடைப்பைப் பற்றிப் பேசுங்கள், தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஊராட்சித் தலைவர் என்ன சொல்கிறார், நிலத்தைச் சேர்த்துக்கொண்டவர் எப்படி முறைக்கிறார், அதற்குப் பிறகும் உங்களுக்கு அந்த வேலையில் ஆசை மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த திங்கள்வரை தங்கி, கலெக்டர் அலுவலகத்தில் அதற்கு ஒரு மனுவும் போட்டுவிட்டு, வரிசையில் நிற்கிற எழுதத் தெரியாத நாலு பேருக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரே பயணத்தில் இரண்டு வேலையையும் பக்கத்திலிருந்து பார்த்த மாதிரி ஆகும். நிஜாமுதீனிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸ் மதுரை வழியாகப் போகிறது. 60 நாளைக்கு முன்பே ரிசர்வேஷன் திறந்துவிடும், பூஜை விடுமுறைக் கூட்டம் வேறு இருக்கும், ஆகஸ்ட் தொடக்கத்திலேயே போட்டு வையுங்கள்.